தார் ரோடு ஏன் சுருள்கிறது, ஓரம் ஏன் வெடிக்கிறது?

எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன் போட்ட தார் ரோடு. இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. நடுவில் ஏறி இறங்கி வண்டியைத் தூக்கிப் போடுகிறது. பஸ் நிற்கிற இடத்தில் மட்டும் தார் அலையலையாகச் சுருண்டு ஓரத்துக்கு ஒதுங்கிக் கிடக்கிறது. "காண்ட்ராக்டர் தாரைக் குறைத்துவிட்டாரா, இல்லை நம்ம ஊர் வெயில்தான் காரணமா?" என்கிறீர்கள். அம்பாசமுத்திரம் பக்கம் மாமா ஊரில் அதே சமயத்தில் போட்ட ரோடு நன்றாக இருக்கிறதே என்ற வருத்தமும் கூடவே இருக்கிறது. ஒரே ரோடு என்பதால் ஒரே காரணம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. ஓரத்து வெடிப்பும் நடுவில் உள்ள ஏற்ற இறக்கமும் பெரும்பாலும் அடிமண்ணிலிருந்து மேலே வருகிறவை. பஸ் நிற்கும் இடத்துச் சுருட்டல் மேல் அடுக்குக்குள்ளேயே நடப்பது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தார் குறைந்தால் ரோடு உதிரும், சிப்ஸ் (சிறு ஜல்லி) பெயர்ந்து ஓரத்தில் குவியும், குழி விழும், ஆனால் சுருளாது. சுருண்டிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கூடிப்போன தாரை, அல்லது வெயிலுக்கு இளகிய தாரை.

தார் ரோடு என்று நாம் பார்ப்பது மேலே உள்ள சில சென்டிமீட்டரைத்தான். அதற்குக் கீழே வெட் மிக்ஸ் (ஈரத்தோடு கலந்து போடுகிற ஜல்லி) அல்லது பழைய முறை மெட்டல் (பரப்பி உருட்டிய ஜல்லி) அடுக்கு, அதன் கீழ் சரள் அடுக்கு, அதற்கும் கீழே கெட்டித்த அடிமண். கிராமத்துப் பஞ்சாயத்து ரோட்டில் மேல் தார் 20 மில்லிமீட்டர் பிரிமிக்ஸ் (தாரில் கலந்த சிறு ஜல்லி), அதன் மேல் தண்ணீர் இறங்காமல் அடைக்கிற மெல்லிய சீல் கோட், அவ்வளவுதான். பஸ் ஓடுகிற மாவட்டச் சாலைகளில் கூடுதல் தடிமன் இருக்கும். தார்க்கலவை தானாக எதையும் தாங்கி நிற்காது. வருகிற எடையைப் பரப்பிக் கீழே அனுப்புவதும், தண்ணீர் உள்ளே இறங்காமல் காப்பதும்தான் அதன் வேலை. கடைசியில் எடையைத் தாங்குவது மண்தான். அந்த மண் அசைந்தால் மேலே எவ்வளவு தார் ஊற்றினாலும் நிற்காது.

கரிசலின் குணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி மழையில் பொங்கி மூடிக்கொள்ளும். அதில் உள்ள மாண்ட்மொரில்லனைட் என்ற களிமண் தாது தன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்வதால்தான் இந்த வீக்கமும் சுருக்கமும். அதன் மேல் ரோடு போட்டதும் ஒன்று நடக்கிறது. தார் மூடியிருப்பதால் நடுப்பகுதி மண்ணின் ஈரம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். மூடாத ஓரம் மட்டும் கோடையில் காய்ந்து இறங்கும், மழையில் நனைந்து எழும்பும். நடு அசையாமல் இருக்க, ஓரம் ஒவ்வொரு வருடமும் இறங்கி ஏறுவதால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் ரோடு நீளவாக்கில் பிளக்கிறது. அதனால்தான் அந்த வெடிப்பு தார் விளிம்பிலிருந்து பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள், விளிம்புக்கு இணையாக ஓடும். வெடிப்பு வந்த பிறகு மழைத்தண்ணீர் அதன் வழியே நேராக அடிமண்ணுக்கு இறங்கும். அப்போது நடுப்பகுதியும் இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில் பொங்க ஆரம்பிக்கும். வண்டியைத் தூக்கிப் போடுகிற ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அப்படி வருவதுதான். ரோட்டோரம் சீமைக்கருவேல் அடர்ந்த இடங்களில் இது இன்னும் மோசம். வேர் மண்ணின் ஈரத்தை ஆழத்திலிருந்தே உறிஞ்சிவிடுவதால் அந்தப் பக்கம் மட்டும் தாழ்ந்து, ரோடு ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி தெரியும்.

உங்கள் மண் எவ்வளவு பொங்கும் என்பதை நீங்களே ஓரளவு பார்த்துவிடலாம். ஆய்வகத்தில் செய்கிற சோதனைதான், கருவியும் அதிகம் வேண்டாம். தார் விளிம்புக்கு வெளியே, மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு, அரை மீட்டர் ஆழத்து மண்ணை எடுங்கள். நன்றாகக் காயவைத்துப் பொடித்து, மாவு சலிக்கிற நுண் சல்லடையில் சலியுங்கள். ஆய்வகத்தில் 425 மைக்ரான் சல்லடை, அடுப்பில் உலர்த்திய மண். 10 கிராம், 10 கிராமாக இரண்டு பங்கு நிறுத்து, 100 மில்லி அளவுக்கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போடுங்கள். ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய், இரண்டையும் 100 மில்லி கோடு வரை ஊற்றி, கம்பியால் கிளறிக் காற்றுக் குமிழை வெளியேற்றிவிட்டு, குறைந்தது 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் பொங்காது, தண்ணீரில் பொங்கும். தண்ணீர்க் குழாயில் மண் 18 மில்லி வரை, மண்ணெண்ணெய்க் குழாயில் 11 மில்லி வரை நின்றால், வித்தியாசம் 7. அதை 11-ஆல் வகுத்தால் 64 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டிய மண்ணை ரோட்டின் அடிமண்ணாகப் பயன்படுத்தக்கூடாது என்பது தேசிய நெடுஞ்சாலைப் பணிகளுக்கான விதி. வீட்டில் செய்கிற சோதனையில் சில சதவீதம் முன்னே பின்னே வரும். 30 வந்தாலும் 80 வந்தாலும் முடிவு தெளிவு. 45, 55 என்று வந்தால் ஆய்வகத்துக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் சரி.

பொங்குகிற மண் என்று தெரிந்தால் ரோடு போடும்போதே செய்ய வேண்டியவை இருக்கின்றன. கரிசலுக்கு மேல் 60 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை பொங்காத மண்ணை, நம் பக்கத்தில் சரள் கலந்த செம்மண்ணை, நிரப்பிக் கெட்டிப்பது ஒரு வழி. கரிசலிலேயே நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து அதன் குணத்தை மாற்றுவது இன்னொரு வழி. உலர்ந்த மண் எடையில் 3 முதல் 5 சதவீதம் போடுவார்கள். 30 சென்டிமீட்டர் தடிமனுக்கு 4 சதவீதம் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிலோ. 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 75 டன். சுண்ணாம்பைத் தூவி, டிராக்டர் ரோட்டவேட்டரால் பல தடவை உழுது கலந்து, ஈரத்தோடு பதமாக விட்டுப் பிறகு உருட்ட வேண்டும். தூவிவிட்டு மேலாக ஒரு ஓட்டு ஓட்டினால் சுண்ணாம்பு கட்டி கட்டியாக நின்று, நடுவே உள்ள மண் பழைய கரிசலாகவே இருக்கும். இதில் ஒரு எச்சரிக்கை: மண்ணில் ஜிப்சம் போன்ற சல்பேட் உப்பு அதிகம் இருந்தால் சுண்ணாம்பு அதோடு சேர்ந்து புதுத் தாதுவை உண்டாக்கி, அதுவே மண்ணைத் தூக்கிவிடும். சல்பேட் அளவு பார்க்காமல் சுண்ணாம்பு போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிராம ரோடுகளில் இந்த இரண்டில் எதுவுமே எஸ்டிமேட்டில் இல்லாமல் போவதுண்டு. அப்படியானால் அது காண்ட்ராக்டர் செய்த தவறு இல்லை, திட்டம் போட்ட இடத்திலேயே விட்டுப்போனது.

இனி பஸ் நிற்கும் இடம். தார் என்பது பாதி திடம், பாதி திரவம். சட்டென்று எடை விழுந்து எடுத்தால் திடம் மாதிரி நிற்கும், எடை நின்று அழுத்தினால் மெல்ல ஓடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற பஸ்ஸின் டயர் ரோட்டின் ஒரு புள்ளியில் இருப்பது சுமார் 0.02 வினாடி. அதே பஸ் ஒரு நிமிடம் நின்று ஆள் ஏற்றினால், அந்தப் புள்ளி மூவாயிரம் மடங்கு நேரம் அழுத்தப்படுகிறது. இதோடு, நிற்கும்போது போடுகிற பிரேக்கும் கிளம்பும்போது சக்கரம் உதைப்பதும் மேல் அடுக்கை நீளவாக்கில் தள்ளுகின்றன. வேகத்தடைக்கு முன்னும், சிக்னலிலும், செக்போஸ்டிலும் ரோடு சுருள்வது இதனால்தான். வெயிலின் பங்கு உண்மைதான். காற்றின் வெப்பம் 38, 40 டிகிரி இருக்கிற மத்தியானத்தில் கறுப்பான தார் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். நம் ஊரில் அதிகம் பயன்படுத்துகிற விஜி-30 வகைத் தாரின் மென்மையாகும் வெப்பநிலைக்குத் தரக்கட்டுப்பாடு கேட்பது குறைந்தது 47 டிகிரி மட்டுமே. அப்படியானால் ரோடு எல்லா இடத்திலும் உருகி ஓடாமல் எப்படி நிற்கிறது? கோடையில் எடையைத் தாங்குவது ஒன்றோடொன்று கவ்வி நிற்கிற ஜல்லிதான். தார் அவற்றை ஒட்டவைப்பதோடு சரி.

அந்தக் கவ்வல் எப்போது போகும் என்பதுதான் விஷயம். நல்ல கலவையில் தார் போக 3 முதல் 5 சதவீதம் காற்று இடம் இருக்கும்படி வடிவமைப்பார்கள். போடும்போது அதைவிடக் கூடுதலாக இருந்து, வண்டி ஓட ஓட இறுகி அந்த அளவுக்கு வரும். தார் கூடிவிட்டால் அந்த இடமும் நிறைந்துவிடும். 3 சதவீதத்துக்குக் கீழே போனதும் ஜல்லிகள் தாரில் மிதக்க ஆரம்பித்து ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். பளபளவென்று கறுத்து, வெயிலில் செருப்பு ஒட்டுகிற மாதிரி ரோடு இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. தார் அளவு சரியாக இருந்தும் கலவையில் உருண்டை மணல் கூடியிருந்தால் இதே விளைவு வரும். உடைத்த கல்லின் கூர்முனைகள் கவ்வும், ஆற்று மணலின் உருண்டைத் துகள்கள் உருளும். நம் மாவட்டக் குவாரிக் கல்லைக் குறை சொல்ல முடியாது. சார்னகைட்டும் நைசும் கெட்டியான கல்தான். குறை வந்தால் பெரும்பாலும் சல்லடையிலும் கலவையிலும்தான் வரும்.

கலவையில் ஒரு தப்பும் இல்லாமலும் சுருளலாம். பழைய ரோட்டின் மேல் புதுத் தார் அடுக்கு போடும் முன் எமல்ஷன் (தண்ணீரோடு கலந்த தார்) தெளிப்பார்கள், டேக் கோட் என்பது அதுதான். சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம். ரோட்டைத் தூசி போகப் பெருக்காமல் தெளித்தாலோ, தெளிக்காமலே விட்டாலோ, மேல் அடுக்கு கீழ் அடுக்கோடு ஒட்டாது. வழுவழுப்பான தரையில் கிடக்கிற ஜமக்காளத்தைக் காலால் தள்ளினால் மடிப்பு விழுகிற மாதிரி, பஸ் பிரேக் போடப் போட அது மடியும். இதன் அடையாளம் பிறை வடிவ விரிசல். மடிப்புக்குப் பக்கத்தில் பிறை பிறையாகக் கீறல் இருக்கிறதா, அந்த இடத்தில் கடப்பாரையால் நெம்பினால் தார் ஓடு மாதிரி தனியாகப் பெயர்ந்து அடிப்பக்கம் தூசியோடு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சந்தேகமே வேண்டாம், ஒட்டாத அடுக்கு. அடிப்பக்கம் கறுப்பாகக் கீழே உள்ளதையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தால் ஒட்டு சரி, கோளாறு கலவையில்.

தாரைக் குறைத்தார்களா என்ற கேள்விக்கும் கணக்கு இருக்கிறது. 20 மில்லிமீட்டர் பிரிமிக்ஸுக்கு 10 சதுர மீட்டருக்கு 14.6 கிலோ தார், அதன் மேல் சீல் கோட் வகையைப் பொறுத்து 6.8 அல்லது 9.8 கிலோ. இதைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ரோட்டில் துண்டு வெட்டி எடுத்து, கரைப்பானில் தாரைக் கழுவிப் பிரித்து நிறுத்தால்தான் தெரியும். நிறத்தை வைத்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். மூன்று வருடம் வெயில் பட்ட தார் பெரும்பாலும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும்.

சக்கரம் ஓடுகிற தடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அது மேலிருந்தா கீழிருந்தா என்று ஒரு நைலான் கயிறு சொல்லிவிடும். மூன்று மீட்டர் கயிற்றை ரோட்டின் குறுக்கே தரையோடு இழுத்துப் பிடியுங்கள். பள்ளம் அகலமாக, சட்டி மாதிரி இறங்கியிருந்து இரண்டு பக்கமும் மேடு இல்லை என்றால் அடிமண் இறங்கியிருக்கிறது. பள்ளம் டயர் அகலத்துக்குக் குறுகி, இரண்டு கரையிலும் தார் பிதுங்கி மேடு கட்டியிருந்தால் தார்க்கலவை நகர்ந்திருக்கிறது. நடு ஆழம் 20 மில்லிமீட்டரை எட்டினால் அந்த ரோடு தோற்றதாகவே இந்திய வடிவமைப்பு விதி எடுத்துக்கொள்கிறது. இரண்டும் கலந்திருக்கிற இடங்கள் உண்டு. அங்கே குறுக்கே ஒரு வெட்டுப் போட்டு அடுக்கு அடுக்காகப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் விவரிப்பை வைத்து நான் சொல்வது வலுவான ஊகம், தீர்ப்பு அல்ல.

உங்கள் ரோட்டில் குவாரி டிப்பர் ஓடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஓடினால் கணக்கே மாறும். ஒரு அச்சின் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு. இரண்டை நான்கு தடவை பெருக்கினால் வருவது அது. இந்த நான்காம் படி விதி 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டிப் பார்த்த பெரிய சோதனையிலிருந்து வந்தது. நான்கு என்பது சராசரி. மண்ணையும் தடிமனையும் பொறுத்து மூன்றாகவும் ஐந்தாகவும் போகும். ஆனால் சேதம் எடையைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும் என்பதில் சந்தேகம் இல்லை. 10 டன் அச்சு ஒன்று ஒரு தடவை போவது, அரை டன் கார் அச்சு ஒன்றரை லட்சம் தடவைக்கு மேல் போவதற்குச் சமம். இந்தியாவில் இரட்டை டயர் உள்ள தனி அச்சுக்கான சட்ட வரம்பை 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். அதற்கு முன் போட்ட கணக்கில் கட்டிய ரோடுகள் அதே தடிமனில்தான் இருக்கின்றன. காற்றாலை இறக்கை ஏற்றி வருகிற நீளமான வண்டிகளைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். அவற்றுக்குப் பல அச்சுகள் இருப்பதால் எடை பரவிவிடும். வளைவில் ஓரத்தை மிதித்து உடைப்பதைத் தவிர அவை செய்கிற கேடு குறைவு. அடைத்து ஏற்றிய இரண்டு அச்சு டிப்பர்தான் ரோட்டைக் கொல்வது.

மாமா ஊர் விஷயம். தாமிரபரணிக் கரையில் நஞ்சைக்கு நடுவே போகிற ரோடு கரிசல் ரோடு மாதிரி வெடிக்காது. அங்கே கார், பிசானம் என்று இரண்டு போகமும் வயலில் தண்ணீர் நிற்பதால் மண் காய்ந்து சுருங்க வாய்ப்பு குறைவு. அதனால் அந்த ரோடு தப்பித்துவிட்டது என்று எண்ண வேண்டாம். எப்போதும் ஊறிய மண்ணின் பலம் குறைவு, அங்கே வருவது வேறு நோய்: முதலைத்தோல் மாதிரி கட்டம் கட்டமாக விரிசல், பிறகு குழி. மழை விட்ட மறுநாள் விரிசல் ஓரத்தில் வெளுத்த சேறு கக்கியிருந்தால், அடிமண் கரைந்து மேலே பம்ப் ஆகிறது என்று அர்த்தம். அதைத் தடுக்க, ரோட்டின் கெட்டித்த அடிமண் அடுக்கின் அடிமட்டம் வயல், வாய்க்கால் தண்ணீர் மட்டத்தைவிட 60 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். சாத்தான்குளம், திசையன்விளைத் தேரிப் (செம்மணல் மேடு) பக்கம் மண் பொங்காது, தண்ணீரும் நிற்காது. அங்கே ஓரத்து மணல் சரிந்து ஒதுங்கி, தார் விளிம்பு பிடிமானம் இல்லாமல் ஒடிவதுதான் தொல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை மாதிரி வந்தால் எந்த மண்ணும் தாங்காது. ரோட்டைத் தாண்டி ஓடுகிற தண்ணீர், இறங்குகிற பக்கத்துக் கரையை முதலில் அரிக்கும். வெள்ளம் வடிந்ததும் டிப்பரை விட்டால் மிச்சமும் போய்விடும். அடிமண் ஓரளவு காய, சில நாள் கனரக வண்டியை நிறுத்திவைப்பது நல்லது.

சரிசெய்ய வேண்டும் என்றால், சுருண்ட இடத்தின் மேல் இன்னொரு அடுக்கு தார் போட விடாதீர்கள். கீழே நகர்கிற அடுக்கு மேலே போட்டதையும் சேர்த்து இழுக்கும். சுருட்டலைத் தாண்டி 30 சென்டிமீட்டர் வரை, செங்குத்தான விளிம்போடு சதுரமாக வெட்டி, நகர்ந்த அடுக்கு முழுவதையும் எடுத்து, பெருக்கி, எமல்ஷன் அடித்து, விஜி-40 போன்ற கெட்டித் தாரில் கலவை போட வேண்டும். விஜி-30 கலவை கொட்டும்போது 140 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அது 90 டிகிரிக்குக் கீழே போவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். கெட்டித் தாருக்கு இன்னும் சற்றுச் சூடு வேண்டும். கலவை தயாரிக்கிற பிளான்ட் தூரமாக இருந்து லாரியில் தார்ப்பாய் மூடாமல் வந்தால் இங்கேதான் கெடும். பஸ் நிற்கும் 20, 30 மீட்டருக்கு மட்டும் கான்கிரீட் போட்டுவிடுவது நீண்ட நாள் தீர்வு. கான்கிரீட் வெயிலில் கொஞ்சம் நீளும். 100 மீட்டர் தொடர்ச்சியாக இருந்து 30 டிகிரி ஏறினால் 3 சென்டிமீட்டர். எனவே நாலரை மீட்டருக்கு ஒரு வெட்டும், இரு முனையிலும் இடைவெளியும் வேண்டும். இல்லாவிட்டால் அதுவே தூக்கி நிற்கும்.

கரிசல் ஓரத்துக்கு, வெடிப்பு அகலமாக இருக்கும்போதே, வடகிழக்கு மழைக்கு முன், ஆவணி புரட்டாசிக்குள் அடையுங்கள். கம்பிப் பிரஷால் சுத்தம் செய்து காற்றடித்துவிட்டு, மெல்லிய வெடிப்புக்கு எமல்ஷன் மட்டும், அகலமானதற்கு எமல்ஷனோடு குவாரி டஸ்ட் கலந்த கூழ். மழைக்குப் பின் செய்தால் மூடிக்கொண்ட வெடிப்புக்கு மேல் பூசியது மாதிரி ஆகி, கோடையில் மறுபடி பிளக்கும். பெர்ம் (தாருக்கு வெளியே உள்ள மண் ஓரம்) ரோட்டைவிட உயர்ந்து தண்ணீரைத் தேக்குகிறதா பாருங்கள். 3.75 மீட்டர் ரோட்டில் நடு, ஓரத்தைவிடச் சுமார் 4 முதல் 5 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும், பெர்ம் அதைவிடச் சரிவாக வெளியே இறங்க வேண்டும். இதற்கு ஒரு ஜேசிபி அரை நாள் போதும். இதைச் செய்யாமல் வெடிப்பை மட்டும் அடைப்பது வீண்.

புகார் எழுதுவதற்கு முன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான்கு விஷயம் கேளுங்கள்: அடிமண்ணின் சிபிஆர் மதிப்பும் (மண் எடை தாங்கும் பலத்தைக் காட்டும் எண்) பொங்கும் சதவீதமும், தார்க்கலவை வடிவமைப்பு அறிக்கை, வெட்டி எடுத்த மாதிரிகளின் தடிமன் மற்றும் அடர்த்தி, ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடு என்றால் போட்டவரே 5 வருடம் பராமரிக்க வேண்டும்; உங்களுக்கு இன்னும் 2 வருடம் இருக்கிறது. சிபிஆர் 3 என்று குறைவாக அறிக்கையில் இருந்து, மேலே பொங்காத மண் அடுக்கும் இல்லை என்றால், கேள்வியை காண்ட்ராக்டரிடம் கேட்காதீர்கள், எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்ட அலுவலகத்திடம் கேளுங்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு மட்டும் தனி மனு எழுதுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் சேர்த்தால் "மண் சரியில்லை" என்ற ஒரே பதிலில் இரண்டையும் முடித்துவிடுவார்கள்.